நாடகக் கம்பெனிகள் ஏன் மூடின, ஸ்பெஷல் நாடகம் எப்படித் தப்பியது

“ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நாடகக் கம்பெனிகள் சுற்றினவாமே, சினிமா வந்ததும் எல்லாம் ஒரேயடியாக அழிந்துவிட்டதா?” என்பதுதான் கேள்வி. பெரும்பாலானவர்கள் இதற்கு ஒரே வரியில் ‘ஆமாம், சினிமாதான் காரணம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். புதுக்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். பங்குனி பிறந்துவிட்டால் இன்றைக்கு எந்த ஊர்த் திடலில் என்ன நாடகம், ராஜபார்ட் (கதாநாயகன் வேஷம்) யார், ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்) யார் என்று விசாரித்துக்கொண்டு சைக்கிளில் அலைந்தவன். அப்புறம் வயதான கலைஞர்கள் பலரோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசியும் இருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை இங்கே நாம் குழப்பிக்கொள்ளும் விஷயங்கள் இரண்டு. கம்பெனி நாடகம் என்று ஒன்று இருந்தது, ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே வாத்தியாரின், சங்கரதாஸ் சுவாமிகளின், பாடத்தைத்தான் பேசின, ஒரே பாட்டுகளைத்தான் பாடின. ஆனால் ஒன்று சாய்ந்த காரணம் வேறு, இன்னொன்று இப்போது தேய்ந்துகொண்டிருக்கும் காரணம் வேறு.

முதலில் வளர்ந்த கதை. தெருக்கூத்து நமக்கு எப்போதும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் மராத்தி நாடகக் குழுக்களும் பார்சி கம்பெனிகளும் தெற்கே வர ஆரம்பித்தன. மரமேடை, வர்ணம் தீட்டிய படுதா, ஆர்மோனியம், டிக்கெட் எல்லாம் அவர்களோடு வந்தவை. தஞ்சாவூரில் கோவிந்தசாமி ராவ் மனமோகன நாடகக் கம்பெனியைத் தொடங்கினார். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கி, வக்கீல்களும் அரசு உத்தியோகஸ்தர்களும் மேடை ஏறினால் கௌரவக் குறைவில்லை என்று காட்டினார். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்தினார். அவருடைய நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காகத் தனி ரயிலே விட்டார்கள் என்று இன்றும் சொல்வார்கள். ரயில் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாடகம் பரவியதற்கு ரயில் பெரிய காரணம். படுதா, பெட்டி, ஆர்மோனியம், அண்டா குண்டா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஐம்பது, அறுபது பேர் மதுரையிலிருந்து திருச்சிக்கும் அங்கிருந்து ஈரோட்டுக்கும் போய் இறங்க முடிந்ததால்தான் ‘கம்பெனி’ என்ற ஏற்பாடே சாத்தியமானது. இலங்கைக்கும் மலாயாவுக்கும்கூடக் கப்பல் ஏறிப் போனார்கள்.

சரி, நடுநாயகமான ஆளுக்கு வருவோம். சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, இருபத்து நான்கு வயது வாக்கில் நாடகத்துக்கு வந்தார். எமன், சனீஸ்வரன், இரணியன் மாதிரியான பயங்கர வேஷங்களில் பேர் வாங்கினார். பிறகு வேஷம் கட்டுவதை விட்டுவிட்டு வாத்தியார் ஆனார். நாடகக்காரர்கள் ‘வாத்தியார்’ என்று சொல்கிற வார்த்தையில் பாடம் எழுதுகிறவர், சொல்லிக்கொடுக்கிறவர், பாட்டுக் கட்டுகிறவர், ஒழுங்கு பார்க்கிறவர் எல்லாரும் அடக்கம். அவருக்கு முன்னால் மேடையில் நடிகர்கள் அவரவர் மனம் போனபடி பாடிப் பேசுவது சகஜம். சுவாமிகள் பாட்டையும் வசனத்தையும் சேர்த்து இறுக்கி எழுதிக் கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சதி சுலோசனா, சதி அனுசூயா, கோவலன், பிரகலாதன் என்று அந்த வரிசை நீளும். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தார் என்பதை அவரிடம் படித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நம்ப முடிகிற விஷயம்தான். வெண்பாவும் விருத்தமும் சிந்தும் கண்ணியும் அவருக்குப் பேச்சு மாதிரி வந்தன.

இப்போது கம்பெனி நாடகத்தின் உள்ளே போக வேண்டும், ஏனென்றால் அது சாய்ந்த காரணம் அங்கேதான் இருக்கிறது. பெரிய நடிகர்களோடு மாரடித்துச் சலித்துப்போய்த்தான் சுவாமிகள் பையன்களை வைத்துக் கம்பெனி நடத்தும் பக்கம் திரும்பினார். ராஜபார்ட் சொன்ன நேரத்துக்கு வர மாட்டார், வந்தாலும் நல்ல நிலையில் இருக்க மாட்டார், பாடத்தில் இல்லாததைப் பேசுவார். பையன்கள் என்றால் சொன்னதைக் கேட்பார்கள். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கியது. அதில் சேர்ந்த பையன்களில் டி.கே. சங்கரன், முத்துசாமி, சண்முகம் சகோதரர்களும் உண்டு. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அவர்களுடைய தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் ஸ்திரீபார்ட் நடிகர்தான். கடைசித் தம்பி பகவதியும் பின்னால் சேர, நான்கு பேரும் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று நாடறிந்தவர்கள் ஆனார்கள்.

பாய்ஸ் கம்பெனி என்பது பாதி குருகுலம், பாதி ராணுவ முகாம். விடியற்காலையில் எழுப்பிச் சாதகம், பிறகு பாடம், ஒத்திகை, ராத்திரி மேடை. அடி உண்டு. வீட்டு நினைப்பில் அழுகிற பையனுக்குத் தாயும் தகப்பனும் அந்த முகாமில் சமைக்கிறவரும் வாத்தியாரும்தான். ஏழை வீட்டுப் பிள்ளைகள், மூன்று வேளைச் சோற்றுக்காகவே அனுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர். இதை அழகுபடுத்திப் பேசுவது எனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் கண் விழித்து வேஷம் கட்டிய பிள்ளைகளின் உழைப்பில்தான் அந்தக் கலை நின்றது. அதே நேரம், அந்தப் பட்டறையில் தேறி வந்தவர்கள் யார் யார் என்றும் பாருங்கள்: மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர்., பி.யு. சின்னப்பா. டி.கே.எஸ். கம்பெனியில் என்.எஸ். கிருஷ்ணன், எஸ்.வி. சகஸ்ரநாமம், கே.ஆர். ராமசாமி. நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியில் எம்.என். நம்பியார். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சின்ன வயது சிவாஜி. வசனத்தை அந்த அளவுக்கு மூச்சுப் பிடித்துப் பேசுகிற பயிற்சி வேறு எங்கே கிடைத்திருக்கும்?

பாய்ஸ் கம்பெனியில் எல்லாரும் பயந்த ஒரு வார்த்தை ‘மகரக்கட்டு’. பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைகிறதே, அதற்குத்தான் அந்தப் பெயர். நேற்றுவரை வள்ளியாகவும் சுலோசனாவாகவும் பாடி ஊரையே கட்டிப்போட்ட பையனுக்கு ஒரு நாள் காலையில் மேல் ஸ்தாயி எட்டாது. கம்பெனிக்கு அது நஷ்டம். பையனுக்கு அது உலகமே இடிந்த மாதிரி. சிலருக்குக் குரல் தேறி ராஜபார்ட் ஆனார்கள், சிலர் காமிக்குக்குப் போனார்கள், சிலர் திரைச்சீலை இழுக்கிற வேலைக்கு வந்து நின்றார்கள். அந்தக் காலத்தில் மைக் கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் தகரக் கொட்டகையில் கடைசி பெஞ்சுக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். அதனால் ஆர்மோனியத்தில் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் சுருதி வைத்துப் பாடினார்கள். கட்டை என்பது சுருதியின் உயரம்; எண் கூடக்கூடக் குரல் மேலே போக வேண்டும். சாதாரண ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டையே போதும் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

செங்கோட்டை கிட்டப்பாவின் புகழ் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1906-இல் பிறந்தவர், கன்னையா கம்பெனியில் பேர் எடுத்தவர். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் அவரும் 1926-இல் இலங்கையில் ஜோடி சேர்ந்து நடித்தார்கள், அடுத்த வருஷம் திருமணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா போனபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாள் அதற்குப் பிறகு வெள்ளைப் புடவைதான். கிட்டப்பா பாடிய இசைத்தட்டுகளை இன்றைக்கும் கேட்கலாம். கேட்டவர்களுக்கு, அந்தக் குரல் ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு கொட்டகையை நிரப்பியது என்பதில் சந்தேகமே வராது.

இன்னொருவரைச் சொல்லாமல் போனால் இந்தப் பதில் நிறைவாகாது. விஸ்வநாத தாஸ். சிவகாசிக்காரர், திருமங்கலத்தில் வாழ்ந்தவர், முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற இடத்தை எடுத்துக்கொண்டார்கள். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய வெள்ளைக் கொக்குப் பாட்டு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. கொக்கு யார் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. வெள்ளைக்கார அரசாங்கம் 1876-லேயே நாடகத்தை அடக்கச் சட்டம் போட்டு வைத்திருந்தது. தாஸ் திரும்பத் திரும்பக் கைதானார், வெளியே வந்த கையோடு மறுபடியும் மேடை ஏறினார். அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்கச் சாதியைக் காட்டி மறுத்த நடிகைகளும் உண்டு என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். 1940 டிசம்பர் 31, சென்னை ராயல் தியேட்டர், வள்ளி திருமணம். முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். உயிர் மேடையிலேயே போயிற்று.

இப்போது சரிவுக்கு வருகிறேன். 1931 அக்டோபரில் முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் வந்தது. அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து போனவர். 1934-இல் வந்த பவளக்கொடி படம் மேடையில் ஓடிக்கொண்டிருந்த நாடகம்தான், அதில் நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் அதே நாடகத்தின் மேடை ஜோடிதான். அதாவது முதல் சில வருஷங்களுக்குச் சினிமா, நாடகத்துக்கு எதிரான புதுச் சரக்கு எதையும் கொண்டுவரவில்லை. அதே கதை, அதே பாட்டு, அதே நடிகர். வித்தியாசம் என்னவென்றால், ஒரு பவளக்கொடியை ஒரே ராத்திரியில் ஐம்பது ஊரில் காட்டலாம், ஐம்பது ஊருக்கும் சேர்த்து ஒரு தடவை சம்பளம் கொடுத்தால் போதும். நாடகக் கம்பெனிக்காரர் இதோடு எப்படிப் போட்டி போடுவார்?

கம்பெனியின் கணக்கைப் பாருங்கள். நாடகம் நடக்கிற நாளானாலும் நடக்காத நாளானாலும் ஐம்பது, அறுபது பேருக்கு உலை வைத்தாக வேண்டும். கொட்டகை வாடகை, ரயில் கட்டணம், விளக்குச் செலவு, படுதா எழுதுகிற ஓவியருக்குக் கூலி. ஊரில் மழை பிடித்துக்கொண்டால் வசூல் படுத்துவிடும். காலரா வந்தால் கூட்டமே வராது. கடன் வாங்கித்தான் அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுப்பார்கள். இத்தனை பாரத்தையும் தாங்கியது இரண்டு, மூன்று நட்சத்திரப் பையன்களின் குரலும் முகமும்தான். சினிமா வந்து அந்த இரண்டு, மூன்று பேரைத்தான் முதலில் கொத்திக்கொண்டு போனது. நந்தனார் படத்துக்குச் சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள் என்ற செய்தி 1935-இல் எந்த நாடக முகாமில் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நடிகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பத்து வருஷம் சோற்றுக்கும் அடிக்கும் நடித்தவன் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் படம் பிடிக்கப் போனதில் என்ன தப்பு? அதே சமயம், அவன் போன மறு மாதமே அந்தக் கம்பெனியின் சமையல் கட்டு ஆட ஆரம்பித்தது என்பதும் உண்மை. கொட்டகைக்காரர்களும் கணக்குப் பார்த்தார்கள். நாடகத்துக்கு விட்ட இடத்தில் வெள்ளைத் திரை கட்டினால் தினசரி இரண்டு ஆட்டம். ஒவ்வொரு ஊராக நாடகக் கொட்டகைகள் டாக்கீஸ் ஆயின, சின்ன ஊர்களுக்கு டூரிங் டாக்கீஸ் போனது. நாடகம் போட ஆள் இருந்தும் இடம் இல்லை என்கிற நிலை வந்தது.

இதற்கு நடுவிலும் கம்பெனிகள் சும்மா விழுந்துவிடவில்லை, நன்றாகப் போராடித்தான் பார்த்தன. நவாப் ராஜமாணிக்கம் சினிமாவுக்குச் சவால் விடுகிற மாதிரி மேடையில் தந்திரக் காட்சிகளும் பிரம்மாண்டமும் கொண்டுவந்தார். அவருடைய ஐயப்பன் நாடகம் தமிழ்நாட்டில் சபரிமலை பக்தி பரவ ஒரு காரணம் என்றே சொல்வார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் சமூக நாடகம், சரித்திர நாடகம் என்று மாறினார்கள், 1944-இல் ஈரோட்டில் நாடக மாநாடு கூட்டினார்கள். ஔவையாராக வேஷம் கட்டியே சண்முகம் ‘ஔவை சண்முகம்’ ஆனார். திராவிட இயக்கம் மேடையைப் பிடித்தது. அண்ணாவின் நாடகங்கள், 1946-இல் சிவாஜி வேஷம் கட்டிய கணேசனுக்குப் பெரியார் வைத்த பெயர், எம்.ஆர். ராதாவின் ரத்தக்கண்ணீர் எல்லாம் அந்தக் காலத்துச் சங்கதி. ராதாவின் நாடகங்களைக் குறிவைத்துத்தான் 1954-இல் நாடகச் சட்டம் வந்தது என்பார்கள். அந்தச் சட்டத்தை 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் இந்த எழுச்சியும் முடிவில் சினிமாவுக்கே ஆள் அனுப்பியது. அதற்குப் பிறகு சென்னையில் வளர்ந்த சபா நாடகம் வேறு ஜாதி. ஆபீஸ் விட்டு வந்து, இரண்டு மணி நேரம், பாட்டு இல்லாமல். அதற்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது.

இப்போது ஸ்பெஷல் நாடகம். கேள்வி கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதே தெரியாது.

கம்பெனியில் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக ஒத்திகை பார்த்து நடிப்பார்கள். ஸ்பெஷலில் ஒத்திகை என்பதே கிடையாது. கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழா. விழாக் குழுவினர் ஒரு நாடக ஏஜென்டைப் பிடித்து, இன்ன தேதிக்கு வள்ளி திருமணம், இன்னார் முருகன், இன்னார் வள்ளி, இன்னார் நாரதர், இன்னார் பபூன் என்று தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுப்பார்கள். ஒருவர் மணப்பாறை, ஒருவர் காரைக்குடி, ஒருவர் திண்டுக்கல். அந்தந்த இரவுக்கென்று ‘ஸ்பெஷலாக’ ஆள் கூட்டுவதால்தான் அந்தப் பெயர். நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள்: ரோஸ் கலர் தாளில் ஒவ்வொரு கலைஞரின் படமும், பெயருக்கு முன்னால் ஊரும், பட்டமும், கீழே விழாக் குழுவும். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, கீற்றுத் தடுப்புக்குள் பவுடர் பூசிக்கொண்டே, ‘அக்கா நீங்க எத்தனை கட்டை?’, ‘தம்பி, தர்க்கத்துல எங்க விடுவீங்க?’ என்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அதோடு மேடைதான். ஆளையே அப்போதுதான் முதல் முறை பார்க்கிறவர்கள்கூட விடியும்வரை ஜோடியாக நடிக்க முடிகிறது. சுவாமிகள் எழுதி வைத்த பாடம் அத்தனை பேர் தலையிலும் இருப்பதால்தான் அது நடக்கிறது.

நான் பார்த்த ஒரு இரவைச் சொல்கிறேன். வள்ளி திருமணம். பத்து மணிக்கு மேல் பபூன் வந்து ஒரு மணி நேரம் கூட்டத்தைச் சிரிக்க வைத்து, டான்ஸ் முடிந்து, நாரதர் வந்து போய், வள்ளி பரண் மேல் ஏறி, பறவை விரட்டும் ஆலோலம் பாடி முடித்தபோது மணி இரண்டரை. வேடன் வந்தான். தர்க்கம் ஆரம்பித்தது. ஆண் பெரிதா, பெண் பெரிதா என்று போகிற தர்க்கம்தான். ஆனால் அன்றைக்கு அந்த அம்மாள், வேடன் சொன்ன ஒரு குறளை அப்படியே திருப்பி அதற்கு அடுத்த குறளால் அடித்தார். வேடன் ஒரு கணம் திணறினார். அந்த ஒரு கணத்தை ஆர்மோனியக்காரர் கவனித்துவிட்டார். வேடனுடைய அடுத்த பாட்டுக்கான சுரத்தை லேசாக ஒரு இழுப்பு இழுத்துக் காட்ட, வேடன் அதைப் பிடித்துக்கொண்டு விருத்தத்தில் ஏறினார். மிருதங்கமும், பல தாள வாத்தியங்களை ஒருவரே வாசிக்கிற ஆல்ரவுண்டும் சேர்ந்துகொள்ள, பக்கத்தில் பாயில் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து, ‘பார்த்தியா, கைகொடுத்துத் தூக்கிட்டான் பார்’ என்றார். மேடைக்கும் அவருக்கும் இடையில் இருந்த அந்தப் பேச்சு எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. அந்தக் கதையை அவர் நூறு தடவை கேட்டிருப்பார். அன்றைக்கு இந்த இரண்டு பேரும் எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று பார்க்கத்தான் அவர் கண் விழித்துக் கிடந்தார்.

கம்பெனி மூடியபோது ஸ்பெஷல் தப்பியதற்குக் காரணம் இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதற்கு முதலாளி இல்லை, முகாம் இல்லை, தினசரி உலை இல்லை. படுதாவும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு. டிக்கெட் கிடையாது, செலவு ஊர் வரி. பார்க்கிறவர்கள் திடலில் பாய் போட்டு உட்காருவார்கள். பிடித்திருந்தால் நூறு ரூபாயைச் சட்டையில் குத்திவிட்டு மைக்கில் பெயர் சொல்லச் சொல்வார்கள். கலைஞர்களுக்குச் சங்கம் இருந்தது. மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவில் இருக்கிற நாடக நடிகர் சங்கம், அப்புறம் புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி, மணப்பாறை என்று ஊர் ஊராகச் சங்கங்கள். பாய்ஸ் கம்பெனியில் பெண்ணுக்கு இடமே கிடையாது, ஸ்பெஷலில்தான் பெண்கள் ஸ்திரீபார்ட்டாகவும் டான்ஸாகவும் தங்கள் சம்பாத்தியத்தில் குடும்பம் நடத்தினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. ராத்திரி வேலைக்குப் போகிற பெண் என்று வாடகைக்கு வீடு கொடுக்க மறுப்பார்கள், பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போனால் ‘நாடகக்காரி வீடா?’ என்று பின்வாங்குவார்கள். அதே ஊர் ராத்திரியில் அந்த அம்மாளை வள்ளி என்று கும்பிடும்.

இந்த ஏற்பாடு இப்போது ஏன் தேய்கிறது? முதலாவது, இரவு சுருங்கிவிட்டது. 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. நாடகம் தொடங்குவதே 10 மணிக்கு. ஆக ஒவ்வொரு ஊரிலும் காவல் நிலையத்தில் அனுமதி, எட்டு மணிக்கே தொடங்கு, பன்னிரண்டுக்குள் முடி என்கிற பேச்சு. பக்கத்து வீட்டு நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அந்த விதி தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டு மணி நேர நாடகத்தை நான்கு மணி நேரமாக்கும்போது எது வெட்டுப்படுகிறது தெரியுமா? பபூனும் டான்ஸும் இருக்கும். தர்க்கம் போய்விடும். நாரதரும் வள்ளியும் பத்து நிமிஷம் பேசி, வேடன் வந்து, கிழவன் வந்து, யானை வந்து, மாலை மாற்றிவிடுவார்கள். தர்க்கத்துக்குக் கூலி இல்லை என்று தெரிந்தால் இளையவர்கள் எதற்காகக் குறளும் விருத்தமும் மனப்பாடம் பண்ணுவார்கள்?

இரண்டாவது, விழாக் குழுவில் உட்காருகிற வயது மாறிவிட்டது. ஆடல் பாடல் கச்சேரி வைத்தால் கூட்டம் நிற்கிறது என்று இளைஞர்கள் சொல்ல, பெரியவர்கள் ‘ஒரு நாள் நாடகம் வைக்காவிட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள்’ என்று பிடிவாதம் பிடித்த ஊர்களில்தான் நாடகம் நிற்கிறது. அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தொலைக்காட்சியையும் கைபேசியையும் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, ஆர்மோனியம். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். நடிகர் குறைந்தால்கூடச் சமாளிக்கலாம். எந்தக் கட்டையில் யார் பாடினாலும் பிடித்து, அத்தனை நாடகத்தின் பாட்டும் தெரிந்து, பின்பாட்டும் பாடி, தடுமாறுகிறவரைத் தூக்கிவிடுகிற ஆர்மோனியக்காரர் ஒருவர் உருவாக இருபது வருஷம் ஆகும். அந்த இடத்தில் இப்போது கீபோர்டு வந்துவிட்டது. சினிமாப் பாட்டை அச்சு அசலாக வாசிக்கிறது, வேடன் திணறுவது அதற்குத் தெரிவதில்லை.

இதற்கெல்லாம் மேலே 2020, 2021 என்று இரண்டு வருஷம் பங்குனியும் சித்திரையும் வைகாசியும் கொரோனாவில் போயின. ஸ்பெஷல் கலைஞருக்கு வருஷ வருமானமே அந்தச் சில மாதங்கள்தான். மார்கழியில் வாங்கிய கடனைச் சித்திரையில் அடைப்பார்கள். இரண்டு சித்திரை வராமல் போனதும், எனக்குத் தெரிந்த ஒரு நல்ல ராஜபார்ட் ஆட்டோ ஓட்டப் போனார், ஒரு ஸ்திரீபார்ட் அம்மாள் மில் வேலைக்குப் போய்விட்டார். சீசன் திரும்பியபோது இருவரும் திரும்பவில்லை. கம்பெனிக்குத் தினசரி உலை எமனாக இருந்தது என்றால், ஸ்பெஷலுக்கு முதலாளியே இல்லாதது அந்த இரண்டு வருஷத்தில் எமனாகிவிட்டது. கஷ்ட காலத்தில் சோறு போட யாரும் இல்லை.

யூடியூப் வந்து காப்பாற்றிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். பாதி சரி. திடலில் பிடித்த வள்ளி திருமணத் தர்க்கங்களைச் சிங்கப்பூரிலும் துபாயிலும் உட்கார்ந்து நம் ஊர்ப் பிள்ளைகள் முழுசாகப் பார்க்கிறார்கள். நல்ல வள்ளிக்கு அதனால் அடுத்த நாடகம் கிடைக்கிறது. அதே யூடியூபில் பபூனும் டான்ஸும் பேசுகிற இரட்டை அர்த்தத் துணுக்குகள்தான் வேகமாகப் பரவுகின்றன. அதைப் பார்த்துவிட்டு நாடகமே இப்படித்தான் என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. அப்படி முடிவு கட்டியவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான், இரண்டு மணிக்கு மேல் எழுந்து உட்காருங்கள்.

சுவாமிகள் 1921-இல் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகும் கம்பெனியோடுதான் ஊர் ஊராக இருந்தார். 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் காலமானார். அங்கே கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. மதுரை தமுக்கத்தில் சிலை இருக்கிறது, நாடகக் கலைஞர்கள் வருஷா வருஷம் அங்கே மாலை போட்டுப் பாடுகிறார்கள்.

நீங்கள் நேரில் பார்க்க விரும்பினால் பங்குனி, சித்திரையில் புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டங்களின் பக்கம் வாருங்கள். பஸ் ஸ்டாண்ட் சுவர்களிலும் டீக்கடை ஓரங்களிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். விழாக் குழுவினரிடம் ‘விடிய விடிய உண்டா, பன்னிரண்டோடு முடிப்பா?’ என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விடிய விடிய என்றால் ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய், மேடைக்கு நேரே உட்காராமல் ஆர்மோனியப் பெட்டி இருக்கிற பக்கமாகப் போட்டு உட்காருங்கள். பெட்டியில் இருக்கிறவரின் கையையும் வள்ளியின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க வசதியாக இருக்கும்.